பத்து நாள் தீட்சையில் வராத பாடம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 41 வயது. அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். இங்கே சைலோசைபின் என்ற மனமயக்கப் பொருள் உள்ள காளானைக் கொடுத்து, கூடவே ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளும் மையங்கள் சட்டப்படி நடக்கின்றன. அப்படிக் கூட உட்காரும் ஃபெசிலிடேட்டர் வேலைக்குப் பயிற்சி எடுக்க ஆசை. இரண்டு பள்ளிகளில் விசாரித்தேன். ஒன்றில் மூளை, ரசாயனம், ஆராய்ச்சி என்றே பேசுகிறார்கள். இன்னொன்றில் பாரம்பரிய ஞானம்தான் எல்லாம் என்கிறார்கள், மெக்சிகோவின் ஒஹாக்கா மலைக்குப் பத்து நாள் கூட்டிப்போய் அங்குள்ள வைத்தியர்களிடம் தீட்சை வாங்கித் தருவார்களாம். என் பாட்டி ஊரில் பிரசவம் பார்த்தவர் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். "அப்படியென்றால் உங்கள் ரத்தத்திலேயே இது இருக்கிறது, நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்" என்றார் அந்தப் பள்ளியின் ஆசிரியர். எதில் சேரட்டும்? பிற்பாடு கோயம்புத்தூருக்கே திரும்பி இப்படி ஒரு மையம் தொடங்க முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பள்ளியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் கிரீன் கார்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் சேர்க்கை நடத்துகிறவர்கள் யாரும் இதைத் தாங்களாக எடுத்துச் சொல்வதில்லை. ஓரிகனில் 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து 109ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள், அதன்படி 2023இல் மையங்கள் திறந்தன. எல்லாம் சரி, ஆனால் அது மாநிலச் சட்டம். மத்திய அரசின் கணக்கில் சைலோசைபின் ஹெராயினோடு சேர்த்து முதல் அட்டவணையில் வைத்த பொருள், குடியேற்றம் முழுக்க மத்திய அரசின் கையில் இருக்கிற விஷயம். மாநிலம் அனுமதித்த கஞ்சாக் கடையில் வேலை பார்த்திருந்தால்கூட குடியுரிமை கேட்கும்போது நன்னடத்தைக் கேள்வி எழும் என்று 2019இல் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொல்லிவிட்டது. காளானுக்கு மட்டும் சலுகை இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். "உங்களுக்குச் சொந்த அனுபவம் உண்டா" என்று பள்ளி விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தால், அவரைப் பார்க்கும்வரை அதில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

இன்னொன்று, ஃபெசிலிடேட்டராக உட்காரும் நேரத்தில் நீங்கள் நர்ஸ் கிடையாது. நோயைக் கண்டறிவது, சிகிச்சை தருவது எதுவும் ஓரிகன் விதிப்படி அங்கே கூடாது. 21 வயது நிரம்பிய யாரும், ஒரு நோயின் பெயரே இல்லாமல்கூட, அங்கே வரலாம். முன்கூட்டி ஒரு சந்திப்பு, காளான் சாப்பிடும் நாள், அப்புறம் அதை அசைபோட்டுப் பேச ஒரு சந்திப்பு என்று மூன்று கட்டம். உங்கள் கை தானாக ரத்த அழுத்தக் கருவியைத் தேடும் என்று தெரியும், இத்தனை வருடப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த வேலை அடிக்கடி மோதும், அதை இப்போதே தெரிந்துகொண்டு போங்கள்.

சரி, பள்ளி. அறிவியலா பாரம்பரியமா என்று உங்களிடம் இரண்டு கடையாக விரித்திருக்கிறார்கள். நான் இரண்டையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன். ஒரு மனிதர் ஐந்தாறு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு உங்கள் முன்னால் படுத்திருப்பார், பயம் வந்தால் ஓட முடியாது, நீங்கள் சொல்கிற ஒரு வார்த்தை வேதவாக்காக உள்ளே இறங்கும், நீங்கள் தொட்டால் அது அன்பா அத்துமீறலா என்று பிரித்துப் பார்க்கும் தெளிவுகூட அப்போது அவரிடம் இருக்காது. அந்த நேரத்தில் உங்கள் கையில் வந்து சேரும் அதிகாரத்தை என்ன செய்வது என்று எந்தப் பள்ளி சொல்லித் தருகிறது?

அறிவியல் பக்கம் கற்க வேண்டியது ஒன்றும் மலையளவு இல்லை, நர்ஸான உங்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். சைலோசைபின் உடம்புக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனினுக்கான 2ஏ ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் தொடங்கி நாலைந்து மணி நேரம், சிலருக்கு ஆறு மணி நேரம் நிற்கும். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும். மனநோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வலிப்பு வரக்கூடும், அதனால் கடைசி 30 நாளில் லித்தியம் எடுத்தவரை ஓரிகனில் சேர்க்க மாட்டார்கள். மனச்சிதைவு போன்ற சைக்கோசிஸ் வந்தவரையும் சேர்ப்பதில்லை. குடும்பத்தில் யாருக்காவது அது இருந்ததா என்று கேட்பதை நான் கட்டாயம் என்பேன். தென் அமெரிக்காவின் அயாவாஸ்கா என்ற மூலிகைப் பானத்துக்கு வேறு கணக்கு. அதில் சேரும் கொடியிலேயே, செரட்டோனினை உடைக்கும் நொதியைத் தடுக்கிற எம்.ஏ.ஓ. தடுப்பான்கள் இருக்கின்றன, மனச்சோர்வுக்கு வழக்கமான எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரை சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எல்லாத் தாவரமும் ஒரே அம்மாவின் பிள்ளைகள் என்று பேசுகிற ஆசிரியரிடம் இந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள். ஓரிகன் விதிகள் முதலில் வந்தபோது 120 மணி நேரப் பாடத்தில் மருந்தியலுக்கும் ஆராய்ச்சிக்கும் சேர்த்து 4 மணி நேரம்தான் ஒதுக்கினார்கள், வரலாற்றுக்கும் பாரம்பரியத்துக்கும் 12, காளான் சாப்பிடும் நாளை நடத்துவதற்கு 28. கடைசியில் சொன்ன 28 சரியான இடத்தில் விழுந்த எடை. 4 போதாது என்பது என் கருத்து, மருத்துவப் பின்னணியே இல்லாதவர்களும் அதே வகுப்பில் உட்காருகிறார்கள்.

அறிவியல் கற்றுத் தரும் இன்னொரு விஷயம் அடக்கம், இதைப் பள்ளிகள் பாடமாக வைப்பது அபூர்வம். 2022இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேரைப் பார்த்தார்கள். 25 மில்லிகிராம் சைலோசைபின் எடுத்தவர்களில் மூன்றாவது வாரத்தில் 37 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் 1 மில்லிகிராம் எடுத்தவர்களில் 18 சதவீதம். நல்ல முடிவுதான், வேறு வழியே இல்லாதிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மற்ற அறுபத்துச் சொச்சம் சதவீதத்தை யோசியுங்கள். எல்லாம் பார்த்துவிட்டு கடைசி நம்பிக்கையாக வந்த ஒருவர், மறுநாள் காலையில் "எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே" என்று உங்கள் முகத்தைப் பார்ப்பார். அவருக்கு என்ன சொல்வீர்கள்? "காளான் உங்களுக்குத் தேவையானதைத்தான் கொடுத்திருக்கிறது" என்று சொல்லும் ஃபெசிலிடேட்டர்கள் இருக்கிறார்கள், அந்தப் பதில் அவரைத் தனியே விட்டுவிடுகிற பதில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல், காளான் சாப்பிட்டுக் கஷ்டப்பட்ட 1,993 பேரிடம் அவர்களுடைய மிக மோசமான அனுபவத்தைக் கேட்டார்கள். வாழ்க்கையில் பட்ட ஐந்து பெரிய கஷ்டங்களில் அதுவும் ஒன்று என்றவர்கள் 39 சதவீதம். தன்னையோ பிறரையோ ஆபத்தில் தள்ளிவிட்டோம் என்றவர்கள் 11 சதவீதம். இவர்களில் பெரும்பாலோர் மையங்களுக்கு வெளியே சாப்பிட்டவர்கள், சரி, ஆனால் அதே பொருள்தான், அதே மனித மனம்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2015இல் கனடாவில், எக்ஸ்டசி என்ற பெயரில் தெரிந்த எம்.டி.எம்.ஏ. மருந்தை வைத்து நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சையாளர்களாக இருந்த கணவன் மனைவி இருவரும், மருந்தின் பிடியில் இருந்த ஒரு பெண்ணோடு கட்டிலில் படுத்தார்கள், அவளை அமுக்கிப் பிடித்தார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது. பிற்பாடு அந்த ஆண் அவளோடு பாலுறவும் வைத்துக்கொண்டது வெளியே வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நெறிமுறைப் புத்தகம் இருந்தது, ஆராய்ச்சிக் குழு இருந்தது, அத்தனையும் இருந்தும் நடந்தது. 2024 ஆகஸ்ட்டில் ஓர் ஆய்விதழ் எம்.டி.எம்.ஏ. பற்றிய மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணங்களில் இந்த விதிமீறலும் ஒன்று. அதே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி தராமல் இன்னொரு ஆய்வு கேட்டது, அதற்குக் காரணங்கள் பல. மூளையில் எந்த ஏற்பியில் எது ஒட்டும் என்று தெரிந்த சிகிச்சையாளர்கள் இப்படி நடந்தார்கள் என்றால், அறிவியல் மட்டும் போதும் என்று சொல்கிற முதல் பள்ளியிடமும் நீங்கள் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

தொடுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நர்ஸுக்குத் தொடுவது இயல்பு, அழுகிறவரின் தலையை வருடிக்கொடுப்பது நமக்கெல்லாம் கூடவே பிறந்த பழக்கம். ஓரிகனில் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், அப்போதும் கை, பாதம், தோள் இவற்றில் கை வைப்பது, அணைத்துக்கொள்வது, அதோடு சரி. பொறுப்பான ஆசிரியர்கள் இதற்கு மேலும் ஒன்று சொல்வார்கள்: முன்பே ஒப்புக்கொண்டதை அந்த நேரத்தில் குறைக்கலாம், கூட்டக் கூடாது. "வேண்டாம்" என்றால் உடனே கையை எடுங்கள். முன்னால் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவர் நடுவில் "என்னைக் கட்டிப்பிடியுங்கள்" என்று கேட்டு அழுதாலும், பக்கத்திலேயே உட்கார்ந்து, குரலால் துணையிருந்து, தெளிந்த பிறகு அதைப் பற்றிப் பேசுங்கள். கேட்கும்போது கல் மனசாகத் தோன்றும். ஆனால் மறுநாள் அவர் யோசித்துப் பார்க்கும்போது தான் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிய ஒருவர் கூட இருந்தார் என்பதுதான் அவருக்கு மிஞ்சும். இதைப் படித்து மனப்பாடம் செய்ய முடியாது, வகுப்பில் ஒருவர் படுக்க ஒருவர் உட்கார, மூத்தவர் ஒருவர் பார்த்துத் திருத்தத் திருத்தத்தான் வரும்.

பாரம்பரியத்துக்கு வருகிறேன். உங்களைக் கூட்டிப்போவதாகச் சொல்லும் ஒஹாக்கா மலையில்தான் மாசடெக் என்ற பூர்வகுடி மக்களின் ஊரான ஹுவாவுட்லா தே ஹிமெனெஸ் இருக்கிறது. அங்கே மரியா சபீனா என்ற வைத்தியர் இருந்தார். 1955இல் நியூயார்க் வங்கிக்காரர் கார்டன் வாசன் அவரிடம் போனார். அந்தச் சடங்கு நோயாளிக்கும் தொலைந்துபோனவரைத் தேடுவதற்கும் உரியது என்பதால், தன் மகனைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்று காரணம் சொல்லித்தான் உள்ளே நுழைந்தார். 1957இல் லைஃப் பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை வந்தது. 1958இல் சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹோஃப்மன் அந்தக் காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் மாத்திரையாகவே கொண்டுபோய் மரியா சபீனாவிடம் கொடுத்தார். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் மையங்கள், ஆய்வுகள், பள்ளிகள் எல்லாம் அந்த ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து கிளம்பியவை. அந்த வீட்டுக்கு என்ன கிடைத்தது? வெளிநாட்டு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குள் வந்தார்கள், போலீஸ் வந்தது, ஊரார் அவரைப் பழித்தார்கள், வீடு எரிக்கப்பட்டது. 1985இல் அவர் வறுமையில் இறந்தார்.

அந்தச் சடங்கில் என்ன இருந்தது என்று பாருங்கள். இரவில், இருட்டில், குடும்பத்தார் சுற்றியிருக்க நடக்கும். முன்னால் சில நாள் விரதம். வைத்தியரும் காளான் சாப்பிடுவார், விடியும்வரை பாடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியும் வைத்தியரும் ஒரே ஊர். தப்பு நடந்தால் மறுநாள் சந்தையில் அவர் எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும், அடுத்த வாரம் அதே குடும்பத்துக்காரர் எதிரே வருவார். பாரம்பரியம் நமக்குக் கொடுக்கும் பாடம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்: பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு வைத்தியம் பார்ப்பது. சாம்பிராணிப் புகையையும் இறகையும் போர்ட்லேண்ட் வாடகைக் கட்டிடத்துக்குத் தூக்கிவந்துவிடலாம், இதைத் தூக்கிவர முடியாது, வேறு வழியில் கட்ட வேண்டும். முறையிட ஓர் ஆள், பெயர் சொல்லாமல் புகார் கொடுக்க ஒரு வழி, மாதாமாதம் உங்கள் அமர்வுகளைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் மூத்தவர், தவறினால் உரிமத்தை எடுக்கும் அரசு, இவைதான் இன்றைக்கு அந்த ஊர்ச் சந்தைக்கு நிகர்.

பத்து நாள் தீட்சையை நான் ஏற்கவில்லை. மரியா சபீனா வைத்தியர் பரம்பரையில் பிறந்து, சிறு வயதிலேயே காளான் சாப்பிட்டு, பல வருடம் கழித்து வைத்தியரானவர். பத்து நாளில் அங்கே போய் நன்றி சொல்லலாம், காசு கொடுக்கலாம், கேட்டுக்கொள்ளலாம், கற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்ல முடியாது. பாரம்பரியத்தை மதிப்பது சில நேரம் அதைத் தொடாமல் விடுவதாகவும் இருக்கும். கொலராடோவில் 2022இல் காளானோடு வேறு சில தாவரங்களையும் அனுமதித்தபோது பெயோட்டி என்ற கள்ளியை அதில் சேர்க்கவில்லை. அது பூர்வகுடி அமெரிக்கர்களின் வழிபாட்டுப் பொருள், வளர வருடக்கணக்காகும், காட்டில் அருகிக்கொண்டு வருகிறது. அது எங்களுக்கு விட்டுவைக்கப்படட்டும் என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். உங்கள் பள்ளி மலைக்குக் கூட்டிப்போகும் காசில் அந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு போகிறது, பாடத்திட்டம் போடும்போது ஒரு மாசடெக்காரராவது மேசையில் இருந்தாரா என்று கேளுங்கள்.

உங்கள் பாட்டியைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லி உங்களைக் குளிரவைத்து, நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை அடக்குகிற பேச்சு அது. இந்தியர் என்று தெரிந்ததும் அடுத்து சோமபானத்தை எடுப்பார்கள் பாருங்கள். சோமம் ஒரு காளான் என்று 1968இல் சொன்னவரும் அதே வாசன்தான், அவர் சொன்னது சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி உள்ள வேறு காளானை, அதில் சைலோசைபின் கிடையாது, அறிஞர்கள் இன்றும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் பாட்டியிடம் உண்மையான பாடம் ஒன்று இருந்திருக்கும். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று கை வைத்துப் பார்த்ததும் தெரிந்துகொண்டு, இது என்னால் ஆகாது, வண்டி கட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லத் தெரிந்த மருத்துவச்சியைத்தான் ஊர் நம்பியது. வலி எடுத்தவளோடு ராத்திரி முழுக்க அவசரப்படாமல் உட்காரவும் அவருக்குத் தெரிந்திருக்கும். இவை ரத்தத்தில் வருவதில்லை, கூட இருந்து பார்த்து வருவது. அவரோடு நீங்கள் போய்ப் பார்த்ததுண்டா, உங்கள் அம்மா பார்த்ததுண்டா? இருந்தால் அதைக் கேட்டு எழுதி வையுங்கள், பத்து நாள் பயணத்தைவிட அது உங்களுக்கு உதவும்.

ஆக, எதில் சேர்வது? வழக்கறிஞர் சரி என்றால், முதல் பள்ளியின் பக்கம் சாய்கிறேன், அதுவும் அவர்கள் சில கேள்விகளுக்கு நேராகப் பதில் சொன்னால் மட்டும். ஓரிகன் கேட்கும் 40 மணி நேர நேரடிப் பயிற்சியை எந்த மையத்தில் தருவார்கள், அல்லது நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா? உரிமம் வாங்கிய பிறகும் மேற்பார்வை உண்டா? அவர்களிடம் படித்த ஒருவர்மேல் புகார் வந்தால் என்ன செய்வார்கள், இதுவரை வந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில் முகம் மாறுகிறதா என்று பாருங்கள். "எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள். நீங்களே காளான் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று ஓரிகன் சட்டம் கேட்கவில்லை, சாப்பிட்டால்தான் சேர்ப்போம் என்று நெருக்குகிறவர்களையும் தவிருங்கள். ஆண்டு உரிமக் கட்டணம் 2,000 டாலர் என்று தொடங்கியது, படிப்புச் செலவு அதற்கு மேலே தனி. இல்லத்து வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம், வாரத்தில் ஓரிரு நாள் வேலையாகத் தொடங்கிப் பாருங்கள்.

கோயம்புத்தூர் கனவுக்குப் பதில்: காளான் மையமாக முடியாது. சைலோசைபின், எல்.எஸ்.டி., எம்.டி.எம்.ஏ. மூன்றும் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. கொடைக்கானலில் காளான் விற்றுப் பிடிபட்டவர்களைப் பற்றி நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓரிகன் உரிமம் ஓரிகன் எல்லையோடு நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் அனுமதித்திருக்கிறார்கள், அதுவும் தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும். நம் ஊரில் மயக்க மருந்தான கெட்டமைனை மனச்சோர்வுக்குக் கொடுப்பது மருத்துவரின் பொறுப்பில் நடக்கிற காரியம், ஃபெசிலிடேட்டர் மையம் வைத்து நடத்துகிறது இல்லை.

ஆனால் 2016இல் ஹாப்கின்ஸில் 51 பேர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 29 பேர் என்று இந்தத் துறையைத் தூக்கி நிறுத்திய இரண்டு ஆய்வுகளும் யாரைப் பற்றியவை என்று பாருங்கள். புற்றுநோய் வந்து, சாவு பயத்தில் தூக்கமில்லாமல் கிடந்தவர்கள். அந்த பயம் கோயம்புத்தூரிலும் இருக்கிறது, நீங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலும் ராத்திரி ஷிப்டில் தினமும் இருக்கிறது. கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு, ஊர்க்காரர்களே தொண்டர்களாக வீடு வீடாகப் போகும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அடுத்த முறை விடுமுறையில் வரும்போது ஒரு வாரம் அங்கே போய்ப் பாருங்கள், சாகிற மனிதரின் பக்கத்தில் அவர்கள் எப்படி உட்காருகிறார்கள், எப்போது பேசுகிறார்கள், எப்போது பேசாமல் இருக்கிறார்கள் என்று. அங்கே கற்பது ஓரிகனில் சேரும் வகுப்புக்கும் உதவும், ஒருவேளை கிரீன் கார்டு காரணமாகச் சேர முடியாமல் போனாலும் உதவும். கோயம்புத்தூரில் நீங்கள் தொடங்கக்கூடிய மையமும் அந்த வகையில்தான் இருக்கும், அதற்கு யாரிடமும் ஒளிக்க வேண்டியதில்லை.